புவனா கை தூக்கிய நாள்

ஆசிரியர் தின மலருக்கு ஒரு பந்தி எழுதித் தரும்படி உங்களில் ஒருவர் எனக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். தலைப்பையும் அவரே தந்துவிட்டார்: "நான் ஆசிரியராகக் காரணமாயிருந்தவர்." ஒரு பந்தி போதுமாம். படம் ஒன்றும் வேண்டுமாம். தம்பிமாரே, தங்கச்சிமாரே, வாழ்நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால் கத்தியவனைப் பிடித்து ஒரு பந்தியோடு நிறுத்து என்றால் நடக்கிற காரியமா? நீளமாகத்தான் எழுதப்போகிறேன். மலரில் இடமில்லையென்றால் உங்கள் ஓய்வறை மேசையில் போட்டு வையுங்கள். தேத்தண்ணீர் ஆறும்வரை யாராவது வாசிக்கட்டும்.

நேர்முகப் பரீட்சை நடத்தும் பக்கத்திலும் நான் சில காலம் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். சின்ன வகுப்பில் படிப்பித்த ஒரு டீச்சர், அவருடைய சேலை, அவருடைய அன்பு, அவரைப்போல் ஆகவேண்டும் என்ற ஆசை. பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒருவர் வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான். கண்டி நகரத்தில் நான் படித்த பாடசாலையில் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து எனக்கு வந்த ஒரே எண்ணம், இந்தத் தொண்டைத் தண்ணீர் வற்றுகிற வேலை நமக்கு வேண்டாமப்பா என்பதுதான்.

மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்த என் அப்பா கடைசியில் தள்ளிவிட்டார். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரே விண்ணப்பம் நிரப்பி, என்னைக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலை கிடைத்தது. கண்டியில் பஸ் ஏறி, வத்தேகமையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, அது நிற்கிற இடத்திலிருந்து மேலே நடக்கவேண்டும். போன முதல் நாளே தீர்மானித்துவிட்டேன், வேறு வேலை கிடைக்கும்வரைதான் இது என்று. வங்கிப் பரீட்சை எழுதினேன். தேறினேன். நான் சொல்லப்போகிற நாளில் வங்கி வேலைக்கான கடிதம் கையில் இருந்தது. அடுத்த மாதம் நகரத்துக் கிளையில் வேலைக்குப் போகவேண்டியது, அதிபரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஆகவே அந்த நாளில் எனக்கு எந்தக் கவலையும் கிடையாது. கவலை முழுக்க என் சக ஆசிரியை ஒருவருக்குத்தான்.

அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் போன் எடுத்துத் திட்டுவார். மடவளைப் பக்கத்து முஸ்லிம் பெண்மணி. நானும் அவரும் ஒரே நாளில் ஒரே பஸ்ஸில் வந்து அந்தப் பாடசாலையில் பதிந்தவர்கள். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். சாந்தமான ஆசிரியை என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். முன்கோபக்காரி. பஸ்ஸில் மிச்சக் காசு தராத கொண்டக்டரோடு வத்தேகமை வரைக்கும் வாக்குவாதப்பட்டுக்கொண்டு வருவார். வகுப்பில் சத்தம் போட்டால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து அடங்கிவிடும்.

அவருடைய கணவர் ஒரு விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். பேராதனை ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கூட்டிப்போகவேண்டும். வீட்டில் கைக்குழந்தை வேறு. அவருடைய உம்மா ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குக் கிட்ட ஒரு பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தால் மட்டும்தான் அவருக்கு மூச்சுவிட முடியும். மாற்றம் கேட்கவேண்டுமென்றால் முதலில் வேலை நிரந்தரமாகவேண்டும். வேலை நிரந்தரமாகவேண்டுமென்றால் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு குழு வந்து, அவர் பாடம் நடத்துவதைப் பார்த்து, சரி என்று எழுதவேண்டும். எனக்கும் அதே கணக்குத்தான், ஆனால் நான்தான் போகப்போகிறவனாயிற்றே.

குழு வருகிற நாளும் வந்தது.

எங்கள் பாடசாலை ஒரே ஒரு நீளமான மண்டபம். தகரக் கூரை, இரண்டு பக்கமும் இடுப்பளவு அரைச்சுவர், வகுப்புக்கு வகுப்பு நடுவில் ஒரு பலகைத் தட்டி. அந்தப் பாடசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர்கள் யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் அன்று காலையிலேயே வகுப்பு வகுப்பாகச் சில பிள்ளைகளைப் பிரித்தெடுப்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள், கணக்கு வராதவர்கள், கேட்டால் வாய் திறக்காதவர்கள். அவர்களைக் கீழேயிருக்கிற மாரியம்மன் கோயிலுக்கு அனுப்புவார்கள், சிரமதானம் என்று சொல்லி. முற்றம் கூட்டவேண்டும், புல் பிடுங்கவேண்டும். பார்க்க வந்தவர்கள் போன பிறகு மேலே வரலாம். மேலேயிருந்து ஆட்கள் அடிக்கடி வந்த பள்ளித் தவணைகளில் எங்கள் அம்மன் கோயில் முற்றம் பளிங்குபோல இருந்தது.

சிரிக்காதீர்கள். உங்கள் பாடசாலையில் கோயில் இல்லாவிட்டால் நூலகம் இருக்கும், தோட்டம் இருக்கும், கடைசி வரிசை வாங்கு இருக்கும். வேறு எந்தத் தொழில்காரனுக்கும் இந்த யோசனை வராது. நோயாளியை ஒளித்துவைத்துவிட்டு ஆஸ்பத்திரியைக் காட்டுகிற டாக்டர் உண்டா? நமக்குத்தான் வரும்.

அதிபரைக் கெட்டவர் என்று நினைக்கவேண்டாம். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவாக இருந்த ஒரு கொட்டிலைக் கெஞ்சிக் கூத்தாடிப் பாடசாலையாக்கியவர் அந்த மனிதர். மேல் வகுப்புகளுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தார். குழு குறைவாக எழுதிவிட்டால் அது நடக்காது, பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போய்விடும் என்ற பயம் அவருக்கு. அன்று காலை என்னைக் கூப்பிட்டார். எனக்கென்று வகுப்பு இருக்கவில்லை, யார் வரவில்லையோ அவர்களுடைய வகுப்பைப் பார்ப்பதுதான் என் வேலை.

"தம்பி, இவங்கள கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் ஆள் அனுப்புன பொறகு மேல வாங்க. ஒங்களோட பாடத்த மத்தியானம் பாக்கச் சொல்றேன்" என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருக்கும். படிக்கட்டில் இறங்கும்போது எல்லாருக்கும் நல்ல உற்சாகம், பாட்டுக்கூட. யோகராஜ் என்று ஒரு பையன், ஐந்தாம் வகுப்பு, முற்றம் கூட்டுகிற தும்புத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தான். வழி தெரிந்தவன் மாதிரி அவன் நடந்ததைப் பார்த்து, "நீ முந்தியும் வந்திருக்கியா?" என்று கேட்டேன்.

"எப்பவும் நாந்தாங்க சேர் வருவேன்" என்றான் பெருமையாக. பிறகு நான் புதிய ஆள் என்பதால் விளங்கவைக்கவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, "எங்களுக்கு வாசிக்கத் தெரியாதுங்க சேர். பெரிய சேர்மாரு பாத்தாங்கன்னா பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு வந்துரும்ங்க" என்றான்.

அவன் முகத்தில் கொஞ்சமும் வருத்தமில்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்வதுபோலச் சொன்னான். மற்றப் பிள்ளைகளும் தலையை ஆட்டின. நான் வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் போகப்போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்ற நினைப்பு.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் குடையோடு டீச்சர் இறங்கி வந்தார். அன்று மடவளையில் பஸ் பிந்தி, மணி அடித்த பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறார். நாலாம் வகுப்பு அவருடையது. வந்து பார்த்தால் அவருடைய பிள்ளைகளில் ஒன்று இல்லை. அந்தப் பிள்ளை புவனா. ஒல்லியான, எப்போதும் தலை குனிந்தே இருக்கிற சிறுமி. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்க்க வேறு ஆளில்லாமல் பாதி நாள் பாடசாலைக்கு வராமல் நின்றவள். அதனால்தான் வாசிப்பு பின்தங்கியது. அந்தத் தவணை முழுக்க டீச்சர் இடைவேளை நேரத்தில் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக உருட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"சேர், எங்கட புவனாவ யாரு அனுப்பின?" வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"அதிபர்தான் டீச்சர். பேர் சொல்லிக் கூப்பிட்டாரு."

"நல்ல வேல செஞ்சாரு. புவனா, கைய கழுவுங்க. மேல போவம்."

நான் தனியாக அவரை ஒரு பக்கம் அழைத்தேன். "டீச்சர், இன்னைக்கு ஒங்களோட நாள். இது தப்பினா அடுத்த குழு எப்ப வருமோ தெரியாது. வீட்டு நெலமய யோசிங்க. ஒரே ஒரு நாள்தானே, புள்ள இங்க நிக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

"வீட்டு நெலம எனக்குத் தெரியாம ஈக்குமா சேர்?" குரல் ஏறியது. பிறகு பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று தணித்துக்கொண்டார். "நேத்து இவ என்னட்ட ரெண்டு வரி வாசிச்சா. யாருக்கும் தெரியாது, எனக்கும் இவக்கும் மட்டும்தான் தெரியும். இன்னைக்கு இவள இங்க புல்லு புடுங்க விட்டுட்டு, நாளைக்கு வா மகள் வாசிப்பம்னு எந்த முகத்தோட கூப்பிடுற? நீங்களே சொல்லுங்க."

புவனா கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு வந்தாள். இருவரும் ஒரே குடைக்குள் மேலே ஏறினார்கள். அப்போது தூறல் தொடங்கியிருந்தது.

தூறல் கொஞ்ச நேரத்தில் பெருமழையாகிவிட்டது. கோயிலில் ஒதுங்க இடம் போதாது, சின்னப் பிள்ளைகள் நடுங்கத் தொடங்கின. அதிபர் சொன்னது நினைவிலிருந்தாலும் பிள்ளைகளை நனையவிட முடியுமா? எல்லாரையும் ஓட்டிக்கொண்டு மேலே வந்து, மண்டபத்தின் பக்கவாட்டில், கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே வரிசையாக நிறுத்தினேன். "யாரும் சத்தம் போடக்கூடாது" என்றேன். அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு. குழு அங்கேதான், எனக்குக் கிட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

வகுப்பின் பின்பக்கம் மூன்று கதிரைகள். நடுக் கதிரையில் குழுவின் தலைவர், யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர், வெள்ளைச் சேட்டு அணிந்தவர், அமைதியான முகம். இரண்டு பக்கமும் இரண்டு பேர். கதவோரமாக அதிபர் கைகட்டி நின்றார். கரும்பலகையில் டீச்சர் தன் அழகான கையெழுத்தில் நாலு வரி எழுதியிருந்தார்.

கோழி முட்டை இட்டது.
அம்மா கூடை கொண்டு வந்தார்.
தம்பி முட்டையைத் தொட்டான்.
கோழி அவனைக் கொத்தியது.

பாடம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். தலைவர் எதையோ குறித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அதிபரின் தோள் இறங்கியதை நான் கண்டேன். எல்லாம் முடிகிற நேரம், தலைவர் சொன்னார்: "டீச்சர், ஆராவது ஒரு பிள்ளை முன்னுக்கு வந்து வாசிக்கட்டும். நீங்களே கூப்பிடுங்கோ."

வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. அவர்களில் மணிமணியாக வாசிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். முன் வரிசையில் இருந்த ஒருத்தி கதிரையிலிருந்து எழும்பியே விட்டாள், "டீச்சர் நான், டீச்சர் நான்" என்று. இரண்டாவது வரிசை ஓரத்தில் இன்னொரு கை மெல்ல எழும்பியது. தோளுக்கு மேலே போகவில்லை. புவனாவின் கை.

டீச்சர் அதைக் கண்டார். கண்டதை நான் கண்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பாடக்குறிப்பு எழுதுவது எப்படி, கற்றல் சாதனம் செய்வது எப்படி என்று உங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தந்திருப்பார்கள். இந்த நொடிக்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. புவனாவை வகுப்புக்குக் கூட்டி வந்ததோடு டீச்சர் தன் கடமையை முடித்துவிட்டார் என்றே நான் சொல்வேன். அவளைக் கூப்பிடவேண்டிய அவசியம் இல்லை. எல்லாக் கையும் தூக்கியிருக்கும்போது ஒரு கையைக் காணாததுபோல விடுவது நம் தொழிலில் மிக மிக இலேசான காரியம். ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள், அந்தப் பிள்ளைகூடச் சொல்லாது. கையை இறக்கிக்கொள்ளும். பிறகு தூக்காது, அவ்வளவுதான்.

டீச்சர் ஒரு தரம் கதவைப் பார்த்தார். அதிபர் லேசாகத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றார். என்னருகே நின்ற யோகராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"புவனா, வாங்க மகள்" என்றார்.

அவள் எழும்பி வந்து கரும்பலகையைப் பார்த்து நின்றாள். எங்களுக்கெல்லாம் முதுகுதான் தெரிந்தது. பிரம்பை எடுத்து முதல் சொல்லின் கீழே வைத்தாள். மழை தகரத்தில் கொட்டியது.

"கோ... ழி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "கோழி."

பிறகு நின்றுவிட்டது. பிரம்பு அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது, வாய் நகரவில்லை. முன் வரிசைப் பிள்ளைகள் "மு, மு" என்று உதட்டை அசைக்க, டீச்சர் விரலை வாயில் வைத்து அடக்கினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் நிற்கும் நேரத்தை வெளியே நிற்கிறவர்களால் அளக்க முடியாது. பதிலை நானே கத்திவிடலாம்போல இருந்தது.

"வேறை பிள்ளையைக் கேளுங்கோவன் டீச்சர்" என்றார் தலைவர். கடுமையாகச் சொல்லவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சேர். அவ வாசிப்பா."

பொறுத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். ஆனால் கீழேயிருந்து ஜீப்பின் ஹோர்ன் கேட்டது, ஒரு தரம், இன்னொரு தரம். அந்தப் பாதையில் மழைக்கு மண் சரியும், சாரதிக்குப் பயம். தலைவர் எழுந்தார். "சரி, காணும் டீச்சர். பிள்ளைக்கு இன்னும் பயிற்சி தேவை. நாங்கள் வெளிக்கிடப்போறம்" என்றார் தணிந்த குரலில். மூன்று பேரும் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள்.

இப்படியான நேரத்தில் பாடம் நடத்திய ஆசிரியர் கூடவே போகவேண்டும். ஜீப் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போய், அவர்கள் சொல்வதைக் கேட்டு, தன் பக்கத்து நியாயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். வீட்டில் கணவர் கிடையில் கிடக்கிறார் என்று சொன்னால் மனமிரங்கக்கூடிய மனிதராகத்தான் அந்தத் தலைவரும் தெரிந்தார். அதிபர் கையைக் காட்டி டீச்சரைக் கூப்பிட்டார். "வாங்க டீச்சர், வாங்க" என்று உதடு அசைந்தது.

டீச்சர் அசையவில்லை. கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றபடி, அதிபரைப் பார்த்துத் தலையை மட்டும் மெல்ல ஆட்டினார், வரமாட்டேன் என்று. அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு புவனாவின் முகத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார்.

முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்படியான கதை கேட்கிறவர்கள் அதிகாரி வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பார், மனம் மாறுவார் என்று காத்திருப்பார்கள். மாறவில்லை. ஜீப் போய்விட்டது. மழையால் பார்க்காமலே விட்ட என் பாடத்துக்கு, அதிபர் சொன்னதை நம்பிச் சரி என்று எழுதி என்னை நிரந்தரமாக்கினார்கள். டீச்சருக்குக் குறைவாக எழுதினார்கள், அவர் வேலை அந்த வருடம் நிரந்தரமாகவில்லை. இன்னொரு வருடம் அந்த மலைக்கு ஏறி இறங்கினார். கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லீவு கேட்டு, கிடைக்காமல், பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் இருந்து முந்தானையால் முகத்தை மூடி அழுததையும் கண்டிருக்கிறேன். "கூப்பிட்டதுக்கு இப்ப கவலயா இருக்கா டீச்சர்?" என்று ஒருநாள் மடத்தனமாகக் கேட்டுவிட்டேன். "கவலதான், பின்ன என்ன? நான் மனுசி இல்லயா?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். ஓய்வுபெறும்வரை சேவை மூப்பில் எனக்கு ஒரு வருடம் கீழேதான் அவர் பெயர் இருந்தது. ஒரே நாளில் வந்தவர்கள் நாங்கள். பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனவன் மூத்தவன், கூட்டி வந்தவர் இளையவர். இதைச் சரிசெய்ய எந்தப் பணிமனைக்கும் தோன்றவில்லை. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆனால் அந்த வகுப்பறையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். அங்கே இன்னும் பாடம் முடியவில்லை.

புவனா கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றாள். தகரத்தில் மழை போட்ட சத்தத்தில் கதிரைகள் நகர்ந்தது அவளுக்குக் கேட்கவில்லை. தலைவர் தணிந்து சொன்னதும் கேட்டிருக்காது. அவள் முழு மனதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. "மு" என்றாள். "முட்... முட்டை." தோள் நிமிர்ந்தது. "கோழி முட்டை இட்டது."

அடுத்த வரிக்குப் போனாள். "அம்மா" உடனே வந்தது. "கூடை" கொஞ்சம் பிந்தி வந்தது. "கொண்டு வந்தார்" என்பதை ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி வைத்தாள். மூன்றாவது வரி. நாலாவது வரியில் "கோழி அவனைக் கொத்தியது" என்று அவள் முடித்தபோது வகுப்பு கலகலவென்று சிரித்துவிட்டது. அவளும் சிரித்துக்கொண்டே திரும்பினாள். பின்பக்கம் பார்த்தாள். மூன்று கதிரைகளும் வெறுமையாக இருந்தன.

சிரிப்பு அப்படியே நின்றது. "டீச்சர், அந்த சேர்மாரு எங்க?" என்று கேட்டாள்.

அவசரமாகப் போய்விட்டார்கள் என்று சொல்லலாம். நீ வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள் என்று பொய்யும் சொல்லலாம், நானாயிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். அரைச்சுவருக்கு வெளியே தலை நனைந்து நிற்கிற நான் அவர் கண்ணில் பட்டேன்.

"அவங்க போயிட்டாங்க மகள். இருந்து கேக்கல்ல" என்றார். "இந்தா, நம்மட சேர் ஈக்கிறாரு. அவரு ஈக்கிறாரு கேக்க."

புவனா என்னைப் பார்த்தாள். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. இவ்வளவு காலத்தில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்திருக்கிறார்கள், யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையில் இருந்தது ஒரே கேள்விதான். நான் இருந்து கேட்பேனா, மாட்டேனா.

சுற்றி வந்து வகுப்புக்குள் நுழைந்தேன். சேட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் போய், அந்தத் தலைவர் எழுந்துபோன நடுக் கதிரையில் உட்கார்ந்தேன். கோயிலுக்குப் போன பிள்ளைகள் ஒவ்வொன்றாக என் பின்னால் வந்து, சேற்றுக் காலோடு சீமெந்துத் தரையில் குந்திக்கொண்டன. குழுவை அனுப்பிவிட்டு வந்து கதவில் நின்ற அதிபர் அவர்களைத் தடுக்கவில்லை. டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு வெளிய மழைச் சத்தத்தில சரியாக் கேக்கல்ல புவனா" என்றேன். "முதல்ல இருந்து வாசிங்க. ஆறுதலா வாசிங்க."

அவள் திரும்பி, பிரம்பை எடுத்து, முதல் சொல்லின் கீழே வைத்தாள். இந்த முறையும் தடக்கியது, இந்த முறையும் டீச்சர் உதவவில்லை. நான் கதிரையை விட்டு அசையவில்லை. நாலு வரியையும் வாசித்து முடித்தாள்.

அதன் பிறகு நான் சொன்னது நான் யோசித்துச் சொன்னதல்ல. வங்கியைப் பற்றியோ அடுத்த மாதத்தைப் பற்றியோ அப்போது எனக்கு எந்த நினைவும் இல்லை. தானாக வாயில் வந்தது.

"அடுத்தது யாரு?" என்று கேட்டேன்.

வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கை தூக்கின. எனக்குப் பின்னால் தரையில் ஏதோ அசைந்தது. யோகராஜ் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு எழும்பி, சேறு பதியப் பதிய நடந்துபோய்க் கரும்பலகைக்கு முன்னால் நின்றான். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். புவனா பிரம்பை அவன் கையில் கொடுத்தாள்.

டீச்சரும் நானும் காத்திருந்தோம்.